கேட்டால் மட்டும் கணிக்கும் கொம்பைலர்: சுற்றுகளை வினவல்களாக மாற்றும் வழி

சின்ன நிரல்மொழி ஒன்றுக்குக் கொம்பைலர் (நிரலை இயந்திரம் ஓட்டும் குறிமுறையாக மாற்றும் கருவி) எழுதியவர்கள் பெரும்பாலும் ஒரே அமைப்பில்தான் முடிப்பார்கள். உரையை டோக்கன்களாக, அதாவது சொற்துண்டுகளாக, வெட்டுவது ஒரு சுற்று. அவற்றைக் கொண்டு நிரலின் அமைப்பைக் காட்டும் மரம் கட்டுவது அடுத்த சுற்று. பிறகு பெயர்களைத் தீர்ப்பது, வகை சரிபார்ப்பது, குறிமுறை எழுதுவது. ஐந்தும் வரிசையாக, எல்லாக் கோப்புகளுக்கும் ஓடும். ஒரு கோப்பில் ஒரு கருத்துரை வரி சேர்த்தாலும் ஐந்தும் மறுபடி தொடக்கத்திலிருந்து ஓடும். 20 கோப்பு இருக்கும்வரை இது உறைக்காது. 400 கோப்பானதும் உறைக்கும். எடிட்டரில் ஒரு மாறியின் மேல் மவுசை வைத்து “இதன் வகை என்ன?” என்று காட்டப் போனால் இன்னும் மோசம்: ஒரு சொல் விடைக்காக முழு நிரலையும் ஓட்ட வேண்டியிருக்கும்.

நம் பக்கத்து வட்டைகளில் (வயல்வெளிகளில்) தண்ணீர் பாய்கிறதைப் பார்த்தவர்களுக்கு மாற்று வழி உடனே பிடிபடும். மடையைத் திறந்துவிட்டு, தேவையோ இல்லையோ எல்லா வயலையும் நிரப்புவது சுற்று முறை. காய்கிற வயலுக்குக் கேட்டவுடன் அந்த வக்கடையை (வரம்பில் தண்ணீர் விடும் வாயை) மட்டும் வெட்டிவிடுவது வினவல் முறை. கிளை வாய்க்காலில் தண்ணீர் இல்லாவிட்டால் அது பெரிய வாய்க்காலைக் கேட்கும், பெரிய வாய்க்கால் குளத்தைக் கேட்கும். கொம்பைலரிலும் அப்படித்தான். கடைசியில் வேண்டிய விடையைக் கேட்கிறோம். அந்த விடைக்குத் தேவையானதை அது கேட்கும், அதற்குத் தேவையானதை அது கேட்கும். ஒருமுறை கிடைத்த விடையைப் பதுக்கி வைக்கிறோம்.

இந்த முறைக்குப் பெரிய கொம்பைலர்களிலேயே உதாரணம் உண்டு. ரஸ்ட் என்ற நிரல்மொழியின் கொம்பைலர் வினவல்களைச் சுற்றிக் கட்டப்பட்டிருக்கிறது. பதுக்கியதை அடுத்த ஓட்டத்துக்கும் பயன்படுத்தும் வசதி, 2018 பெப்ரவரியில் வந்த 1.24 பதிப்பிலிருந்து தானாகவே இயங்குகிறது. ஸ்விஃப்ட் என்ற மொழியின் கொம்பைலரில் இதே வேலையைச் செய்யும் பகுதிக்கு ரிக்வெஸ்ட் எவாலுவேட்டர் என்று பெயர். இரண்டுமே சுற்று முறையில் பிறந்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாக மாற்றப்பட்டவை. அதனால் நமக்கும் தைரியமாகச் சொல்லலாம்: அழித்து எழுத வேண்டாம், ஒவ்வொரு கேள்வியாக மாற்றுங்கள்.

கிழக்கிலங்கைப் பல்கலைக்கழக வளாகங்களான வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ சம்மாந்துறையிலோ இறுதியாண்டுத் திட்டத்துக்காக எழுதிய 3,000 முதல் 5,000 வரிக் கொம்பைலர் கையில் இருப்பவரை மனதில் வைத்து இது எழுதப்படுகிறது. எந்த மொழியில் எழுதியிருந்தாலும் வழி ஒன்றுதான்.

கை வைக்கும் முன்

முதலில் சோதனைகள். குறைந்தது 40 சின்ன நிரல்களை எடுங்கள். அவற்றில் குறைந்தது 15 பிழையுள்ளவையாக இருக்கட்டும்: தெரியாத பெயர், பொருந்தாத வகை, இருமுறை அறிவித்த சார்பு (ஃபங்ஷன்). ஒவ்வொன்றுக்கும் இப்போதைய கொம்பைலர் தரும் குறிமுறையையும் பிழைச் செய்திகளையும் அப்படியே கோப்பில் சேமியுங்கள். மாற்றத்துக்குப் பிறகு வருவது இதனுடன் ஓர் எழுத்தும் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும்.

அதே நிரலைப் பத்துமுறை கொம்பைல் செய்து வெளியீடுகளை ஒப்பிடுங்கள். பத்தும் ஒன்றாக இல்லாவிட்டால் அங்கேயே நில்லுங்கள். ஹாஷ் அட்டவணையைச் சுற்றிவரும் வரிசை ஓட்டத்துக்கு ஓட்டம் மாறுவதுதான் பெரும்பாலும் காரணம். அந்த இடங்களில் சேர்த்த வரிசையைக் காக்கும் அட்டவணையைப் போடுங்கள், அல்லது சுற்றுவதற்கு முன் வரிசைப்படுத்துங்கள். இதை விட்டுவிட்டு வினவலுக்குப் போனால், மாறாத விடைகூட மாறியதாகத் தெரியும். பிறகு எங்கே பிழை என்று தேடி வாரக்கணக்கில் அலைய வேண்டும்.

கேள்விகளைப் பட்டியலிடுவது

உங்கள் சுற்றுகள் என்ன செய்கின்றன என்று யோசிக்காதீர்கள். என்ன கேள்விக்கு விடை சொல்கின்றன என்று யோசியுங்கள். சின்ன மொழிக்கு இவ்வளவு போதும்:

கோப்புப்_பட்டியல்()
கோப்பு_உரை(கோப்பு)
மரம்(கோப்பு)
அறிவிப்புகள்(கோப்பு)
பெயர்_யார்(கோப்பு, பெயர்)
கையொப்பம்(சார்பு)
உடல்_மரம்(சார்பு)
உடல்_வகைகள்(சார்பு)
குறிமுறை(சார்பு)

முதல் இரண்டும் உள்ளீடுகள். வெளியிலிருந்து நாம் வைப்பவை, கணிக்கப்படுபவை அல்ல. கட்டளை வரியில் கொடுக்கும் தெரிவுகளும் உள்ளீடுகள்தான். மற்ற எதுவும் டிஸ்கைத் தொடக் கூடாது. ஒரு வினவலுக்குள் யாராவது கோப்பைத் திறந்து படித்தால், அந்தக் கோப்பு மாறியது எஞ்சினுக்கு, அதாவது வினவல்களை நடத்தி விடைகளைப் பதுக்கும் பகுதிக்கு, தெரியவே வராது.

கையொப்பம் என்பது சார்பின் பெயர், எடுக்கும் வகைகள், திருப்பும் வகை. உடல் என்பது உள்ளே இருப்பது. இந்த இரண்டையும் பிரிப்பதுதான் முழு வேலையிலும் அதிகப் பலன் தரும் ஒரே முடிவு. ஒரு சார்பை அழைப்பவர்களுக்கு அதன் கையொப்பம் மட்டும் போதும். எனவே உடலுக்குள் என்ன மாறினாலும் அழைப்பவர்களை அது எட்டக் கூடாது.

எஞ்சின்

எஞ்சின் சின்னது, 200 வரிக்குள் அடங்கும். ஒவ்வொரு கேள்விக்கும், அதாவது வினவலின் பெயரும் திறவுகோலும் (அடைப்புக்குள் வருவது) சேர்ந்த சோடிக்கும், பதுக்கில் ஒரு பதிவு இருக்கும். பதிவில் நான்கு விடயங்கள்: விடை, இந்த விடைக்காக யாரையெல்லாம் கேட்டோம் என்ற பட்டியல், கடைசியாகச் சரிபார்த்த பதிப்பு எண், விடை கடைசியாக மாறிய பதிப்பு எண். உள்ளீடு ஒன்று மாறும்போதெல்லாம் பொதுப் பதிப்பு எண் ஒன்றால் கூடும். உள்ளீட்டின் பதிவிலும் மாறிய பதிப்பு எண் அப்போதே எழுதப்படும். கீழே ‘அடுக்கு’ என்பது இன்னும் முடியாத வினவல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் பட்டியல்; ‘தாய்’ என்பது இந்தக் கேள்வியைக் கேட்ட வினவல்; ‘வட்டம்’ என்பது ஒரு கேள்வி சுற்றி வந்து தன்னையே கேட்பது.

கேள்(கேள்வி):
  நடந்துகொண்டிருக்கும் தாய் வினவலின் பட்டியலில் கேள்வியைச் சேர்
  கேள்வி ஏற்கனவே அடுக்கில் இருந்தால்: வட்டம்
  பதிவு இருந்து, சரிபார்த்த பதிப்பு = இப்போதைய பதிப்பு என்றால்: விடையைக் கொடு
  பதிவு இருந்து, செல்லுமா(பதிவு) ஆம் என்றால்:
    சரிபார்த்த பதிப்பு = இப்போதைய பதிப்பு; விடையைக் கொடு
  அடுக்கில் வை, கணி, அடுக்கிலிருந்து எடு
  புதிய விடை பழையதற்குச் சமம் என்றால்: மாறிய பதிப்பைத் தொடாதே
  இல்லாவிட்டால்: மாறிய பதிப்பு = இப்போதைய பதிப்பு
  சரிபார்த்த பதிப்பு = இப்போதைய பதிப்பு; பதுக்கில் எழுது; விடையைக் கொடு

செல்லுமா(பதிவு):
  பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும், கேட்ட வரிசையிலேயே:
    அதைப் புதுப்பி
    அதன் மாறிய பதிப்பு > பதிவின் சரிபார்த்த பதிப்பு என்றால்: இல்லை
  ஆம்

புதியவர்கள் தவறும் இடங்கள் இதில் மூன்று.

“கேட்ட வரிசையிலேயே” என்ற சொல் முதலாவது. ஒரு வினவல் முதலில் “இந்தக் கோப்பில் என்னென்ன சார்பு உண்டு?” என்று கேட்டு, பிறகு அவற்றில் ஒன்றின் கையொப்பத்தைக் கேட்டிருக்கும். இப்போது அந்தச் சார்பை நீங்கள் அழித்துவிட்டீர்கள். சரிபார்க்கும்போது வரிசையை மாற்றி கையொப்பத்தை முதலில் புதுப்பிக்கப் போனால், இல்லாத சார்பைத் தேடி கொம்பைலரே விழுந்துவிடும். வரிசையில் போனால் முதல் கேள்வியிலேயே “மாறிவிட்டது” என்று தெரிந்து நின்றுவிடும்.

இரண்டாவது, செல்லுமா நடத்தும் புதுப்பித்தல்களைத் தாய் வினவலின் பட்டியலில் சேர்க்கக் கூடாது. தாய் அவற்றைக் கேட்கவில்லை. சேர்த்தால் தவறான விடை வராது. ஆனால் பட்டியல்கள் ஊதி, தேவையில்லாத மறுகணிப்பு பெருகும். எனவே புதுப்பித்தலுக்கு பட்டியலைத் தொடாத தனி நுழைவு வையுங்கள்.

மூன்றாவது, “புதிய விடை பழையதற்குச் சமம்” என்ற ஒப்பீடு. 1976இல் வந்த மேக் கருவி கோப்பின் நேரத்தை மட்டும் பார்க்கும். நேரம் மாறினால் அதற்கு மேலே உள்ள எல்லாம் மறுபடி ஓடும். இங்கே மறுபடி கணித்தும் விடை பழையபடியே வந்தால் அலை அங்கேயே நின்றுவிடும். இந்த ஒரு வரியை விட்டால் வினவல் முறையின் பலனில் பெரும்பகுதி போய்விடும். அதனால் விடைகள் எல்லாம் ஒப்பிடக்கூடியவையாகவும், கொடுத்த பின் யாரும் மாற்ற முடியாதவையாகவும் இருக்க வேண்டும். பெரிய மரங்களைப் பிரதி எடுக்காமல், எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற எண்ணிக்கை வைத்த சுட்டியாகக் கொடுங்கள்.

ஒரு மாற்றத்தைக் கிட்ட நின்று பார்ப்போம்

மூன்று கோப்புகள். எண்கள் உதாரணத்துக்காக வைத்தவை.

நெல்:
  சார்பு மூடை(ஏக்கர்: முழுஎண்): முழுஎண் = ஏக்கர் * 25
கூலி:
  சார்பு வெட்டுக்கூலி(ஏக்கர்: முழுஎண்): முழுஎண் = ஏக்கர் * 12000
கணக்கு:
  சார்பு இலாபம்(ஏக்கர்: முழுஎண்): முழுஎண் = மூடை(ஏக்கர்) * 7000 - வெட்டுக்கூலி(ஏக்கர்)

நெல் கோப்பில் 25ஐ 28 ஆக்குகிறோம். கோப்பு_உரை மாறிவிட்டது. மரம்(நெல்) மறுபடி ஓடும், விடையும் மாறும். அறிவிப்புகள்(நெல்) மறுபடி ஓடும். ஆனால் “மூடை என்று ஒரு சார்பு உண்டு” என்ற பழைய விடையே வரும். கையொப்பம்(மூடை) ஓடும், பழையதே. உடல்_மரம், உடல்_வகைகள், குறிமுறை மூன்றும் மூடைக்கு மட்டும் ஓடும். இலாபம் கேட்டிருந்தது மூடையின் கையொப்பத்தை. அது மாறவில்லை, ஆகவே இலாபத்தின் உடல் தொடப்படாது. கூலி கோப்பில் ஒன்றுமே ஓடாது.

இப்போது அதே கோப்பின் தலையில் ஒரு கருத்துரை வரி சேர்க்கிறோம். ஒன்றும் மாறக் கூடாது என்றுதான் எதிர்பார்ப்போம். ஆனால் மரத்தின் ஒவ்வொரு கணுவிலும் வரி எண் இருந்தால், எல்லாக் கணுவும் ஒரு வரி கீழே இறங்கியிருக்கும். உடல்_மரம் மாறியதாகத் தெரியும், அதிலிருந்து எல்லாம் மறுபடி ஓடும். முதல்முறை வினவல் கொம்பைலர் கட்டுபவர்கள் “எல்லாம் எழுதிவிட்டேன், ஆனாலும் வேகம் வரவில்லை” என்று சொல்வதற்கு முதற்காரணம் இதுதான். உடல்_மரத்தில் இடங்களைச் சார்பின் தொடக்கத்திலிருந்து எண்ணி வையுங்கள். சார்பு கோப்பில் எங்கே தொடங்குகிறது என்பதைத் தனி வினவலாக்கி, பிழைச் செய்தி அச்சிடும்போது மட்டும் கேளுங்கள்.

திறவுகோல்களுக்கும் இதே கவனம் வேண்டும். சார்புகளுக்கு 0, 1, 2 என்று கண்ட வரிசையில் எண் கொடுத்திருந்தால், நடுவில் ஒரு சார்பைச் சொருகியவுடன் பின்னால் உள்ள எல்லாம் வேறு ஆளாகிவிடும். கோப்பு, பெயர், அதே பெயரில் எத்தனையாவது என்ற மூன்றும் சேர்ந்ததைத் திறவுகோலாக்குங்கள்.

மாற்றும் வேலை, ஒரு கேள்விக்கு ஒரு தடவை

எங்கே தொடங்குவது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மரம்(கோப்பு) வினவலில் தொடங்குவது நல்லது. அதற்கு உரை மட்டும்தான் தேவை, வேறு எதையும் கேட்காது. எனவே எஞ்சின் சரியா என்று பார்க்க இதைவிட எளிய இடம் இல்லை. அதன் பிறகு நேரே கையொப்பத்துக்குப் போங்கள். ஸ்விஃப்ட்டில் ஒரு வகுப்பின் மேல்வகுப்பு எது, ஒரு என்யூமின் (பெயரிட்ட மதிப்புகளின் பட்டியல் வகை) மூலவகை எது போன்ற மிகச் சின்னக் கேள்விகளிலிருந்துதான் தொடங்கினார்கள். அந்த அளவு சின்னதாக எடுத்தால் போதும்.

பழைய கொம்பைலரில் மரத்தின் கணுவில் ‘வகை’ என்று ஓர் இடம் இருக்கும். வகை சரிபார்க்கும் சுற்று வந்து அதை நிரப்பும். பிந்திய சுற்று அதை எடுக்கும். இதை வினவலாக்கும் வரிசை இது: அந்த இடத்தை வெளியார் தொடாதபடி மறையுங்கள். எடுப்பதற்கு ஒரு சார்பு, எழுதுவதற்கு ஒரு சார்பு வையுங்கள். கொம்பைலரைக் கட்டினால், யார் யார் எழுதுகிறார்கள் என்பது பிழைப் பட்டியலாக வந்து விழும். எழுதுபவர் ஒருவர்தான் என்றால் நல்லது. மூன்று பேர் என்றால், அவர்களின் நிரலை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்த பிறகே அடுத்த படி. அந்த ஒரே இடத்தை வினவலாக்கி, எடுக்கும் சார்பு அந்த வினவலைக் கேட்கும்படி மாற்றுங்கள். எழுதும் சார்பை அழியுங்கள். 40 சோதனையும் தேறினால், நிரலின் மாற்றங்களைச் சேமிக்கும் கிட் கருவியில் ஒரு கமிட் (பதிவு). பிறகு அடுத்த இடம்.

ஒரு கமிட்டில் ஒரு கேள்விக்கு மேல் மாற்றாதீர்கள். பாதி சுற்றும் பாதி வினவலுமாக இருக்கும் நிலை பார்க்க அழகாக இராது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பெரிய கொம்பைலர்களும் பல ஆண்டு அப்படித்தான் ஓடின.

நண்டுப் பொந்துகள்

வரம்பு உயரமாக இருக்கும், வக்கடையும் அடைத்திருக்கும். ஆனாலும் வயலில் தண்ணீர் நிற்காது. வரம்புக்குள் நண்டு துளைத்த பொந்து வழியாக அது போய்க்கொண்டிருக்கும். வினவல் கொம்பைலரிலும் இதே நோய்தான் மிகப் பொல்லாதது: எஞ்சினைக் கேட்காமல் பக்கவழியாகப் படிப்பது.

மேலே உள்ள உதாரணத்தில், உடல்_வகைகள்(இலாபம்) கணிக்கும்போது கையொப்பம்(மூடை) என்று கேட்காமல், நிரல் முழுதும் பகிரும் பழைய பூகோளப் பெயர் அட்டவணையிலிருந்து மூடையின் வகையை நேரே எடுக்கிறது என்று வையுங்கள். முதல் ஓட்டம் சரியாகவே இருக்கும். பிறகு மூடையின் திருப்பும் வகையைத் தசமம் என்று மாற்றுகிறோம். சரியான கொம்பைலர் இலாபத்தில் வகைப் பிழை காட்ட வேண்டும். ஆனால் இலாபத்தின் பட்டியலில் மூடை இல்லை. “நான் கேட்ட எதுவும் மாறவில்லை” என்று பழைய குறிமுறையையே அது கொடுத்துவிடும். பிழைச் செய்தியே வராது. லினக்ஸில், எக்ஸ்86-64 இயந்திரத்தில், தசம விடை திரும்பும் ரெஜிஸ்டர் (செயலிக்குள் எண் வைக்கும் இடம்) வேறு, முழுஎண் விடை திரும்பும் ரெஜிஸ்டர் வேறு. இலாபம் பழைய ரெஜிஸ்டரைப் பார்த்து, அங்கே கிடந்த ஏதோ ஓர் எண்ணை மூடைக் கணக்காக எடுத்துப் பெருக்கும். எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து கட்டினால் வகைப் பிழை ஒழுங்காக வரும். “சுத்தமாகக் கட்டினால் சரி, தொடர்ந்து கட்டினால் பிழை” என்ற அடையாளத்தைக் கண்டால் பொந்தைத் தேடுங்கள்.

பொந்து இருக்கக்கூடிய இடங்கள்: பூகோள மாறிகள், “இப்போதைய கோப்பு”, “இப்போதைய சார்பு” என்று எங்கோ வைத்திருக்கும் நிலை, தற்காலிக மாறிகளுக்குப் பெயர் வைக்கும் ஓடும் எண்ணி, சூழல் மாறிகள், கடிகாரம். இவற்றில் ஓடும் எண்ணி மிகவும் ஏமாற்றும். எத்தனை சார்பு இதற்கு முன் கணிக்கப்பட்டது என்பதைப் பொறுத்து எண் மாறுவதால், அதே உடலுக்கு வேறு குறிமுறை வரும். எண்ணியை ஒவ்வொரு சார்புக்கும் 0இலிருந்து தொடங்கினால் தீர்ந்தது.

தேடுவதற்கு ஒரு கருவி கட்டிக்கொள்ளுங்கள். ஒரு பின்னேர வேலைதான். சோதனை நிரல் ஒன்றை ஏற்றி, அதில் தற்செயலாக ஒரு மாற்றம் செய்யுங்கள்: ஓர் எண், ஒரு வகை, ஒரு வரியை அழிப்பது. பதுக்கை வைத்துக்கொண்டு ஒருமுறையும், வெறும் பதுக்கோடு ஒருமுறையும் கொம்பைல் செய்யுங்கள். இரண்டும் ஓர் எழுத்து வேறுபட்டாலும் நிறுத்தி, எந்த மாற்றத்தில் வேறுபட்டது என்று எழுதி வையுங்கள். இரவு முழுக்க இதை ஓடவிடுங்கள்.

இது மிகைக் கவனம் அல்ல. 2021 மே மாதம் வந்த ரஸ்ட் 1.52.0இல், பதுக்கிய விடைகளைச் சரிபார்க்கும் சோதனையைப் பயனர்களிடமும் இயக்கினார்கள். அதுவரை வெளியே தெரியாமல் கிடந்த பொருத்தமின்மைகள் கொம்பைலர் பிழைகளாக வெளிப்பட்டன. நான்கு நாளில் 1.52.1ஐ வெளியிட்டு, பதுக்கியதைப் பயன்படுத்தும் வசதியையே நிறுத்திவைத்தார்கள். ஜூலை இறுதியில் வந்த 1.54இல்தான் அது திரும்ப வந்தது. அவ்வளவு பேர் பார்க்கும் கொம்பைலரிலேயே பொந்து ஒளிந்திருக்க முடியும் என்றால், நாம் முதல் நாளிலிருந்தே தேட வேண்டும்.

பிழைச் செய்திகளும், கேட்காதவையும்

உடல்_வகைகள் ஓடும்போது எச்சரிக்கையை நேரே திரையில் அச்சிட்டால், இரண்டாம் ஓட்டத்தில் விடை பதுக்கிலிருந்து வரும், எச்சரிக்கை வராது. பயனர் பிழை தீர்ந்துவிட்டது என்று நினைப்பார். எனவே வினவல் எதையும் அச்சிடக் கூடாது. செய்திகளை விடையின் ஒரு பகுதியாகத் திருப்புங்கள். முடிவில் எல்லாவற்றையும் திரட்டி, கோப்பு, வரி என்ற வரிசையில் அடுக்கி அச்சிடுங்கள். அடுக்காமல் விட்டால், எந்தக் கேள்வி முதலில் கேட்கப்பட்டது என்பதைப் பொறுத்துச் செய்தி வரிசை மாறும், சோதனைகள் விழும்.

இன்னொன்று பலரும் பிந்தித்தான் கவனிக்கிறார்கள். கேட்டால் மட்டும் கணிப்பது என்றால், கேட்காததில் உள்ள பிழை தெரியவே தெரியாது. யாரும் அழைக்காத சார்பில் வகைப் பிழை இருந்தாலும் கொம்பைலர் பேசாமல் இருக்கும். ஆகவே எல்லாக் கோப்புகளின் எல்லாச் சார்புகளுக்கும் உடல்_வகைகளை வேண்டுமென்றே கேட்கும் ஒரு சுற்று முதன்மை நிரலில் இருக்க வேண்டும். கேட்டால் மட்டும் கணிக்கும் சோம்பல் எடிட்டருக்குப் போதும்; கட்டும்போது முழுச் சோதனை வேண்டும்.

“இல்லை” என்பதும் ஒரு விடைதான். பெயர்_யார்(கணக்கு, மூடை) எங்கும் கிடைக்கவில்லை என்று திருப்பினால், அந்த விடை கோப்புப்_பட்டியலிலும் பார்த்த ஒவ்வொரு கோப்பின் அறிவிப்புகளிலும் தங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நெல் கோப்பைப் புதிதாகச் சேர்த்த பின்னும் “மூடை தெரியாது” என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

வட்டங்கள்

மாறிலி அ = ஆ + 1, மாறிலி ஆ = அ + 1 என்று எழுதினால் ‘அ’ ‘ஆ’வைக் கேட்கும், ‘ஆ’ ‘அ’வைக் கேட்கும். சுற்று முறையில் இது முடிவில்லாமல் ஓடும், அல்லது பாதி நிரம்பிய விடையைத் தரும். வினவல் முறையில் அடுக்கைப் பார்த்தாலே பிடிபடும். அடுக்கில் உள்ள வழியை அப்படியே பயனருக்குக் காட்டலாம்: அ → ஆ → அ.

எல்லா வட்டமும் பயனரின் பிழை அல்ல. ஒன்றையொன்று அழைக்கும் இரு சார்புகள் நியாயமானவை. திருப்பும் வகையை எழுதச் சொல்லிவிட்டால், கையொப்பம் உடலைக் கேட்காது, வட்டமே வராது. திருப்பும் வகையை உடலைப் பார்த்து ஊகிக்கும் வசதி வைத்திருந்தால்தான் வரும். புதிய கொம்பைலருக்கு எங்கள் ஆலோசனை: திருப்பும் வகையைக் கட்டாயமாக்குங்கள். ஊகம் உடலுக்குள் மட்டும் இருக்கட்டும்.

வட்டம் கண்டதும் ஒரு தற்காலிக விடையைக் கொடுத்துச் சமாளிக்க நினைத்தால் ஓர் ஆபத்து உண்டு. ‘அ’வில் தொடங்கினால் ஒரு விடை, ‘ஆ’வில் தொடங்கினால் வேறு விடை வரும்; இரண்டும் பதுக்கில் குடியேறிவிடும். வட்டத்தில் இருந்த எல்லாருக்கும் ஒரே பிழை விடையைக் கொடுங்கள்.

அடுக்கின் ஆழம், கேள்வியின் அளவு, நினைவகம்

ஒவ்வொரு கேள்வியும் சார்பு அழைப்பாக இறங்குவதால், அழைப்புகளுக்கு இயங்குதளம் ஒதுக்கும் நினைவக அடுக்கும் ஆழமாகும். லினக்ஸில் முதன்மைத் திரெட்டின் (நிரலின் ஓட்ட இழை) அடுக்கு வழக்கமாக 8 எம்.பி., விண்டோஸில் 1 எம்.பி. ஒன்றையொன்று கேட்கும் 10,000 மாறிலிகள் கொண்ட நிரல் விண்டோஸில் சத்தமில்லாமல் விழுந்துவிடலாம். 64 எம்.பி. அடுக்குள்ள தனித் திரெட்டில் கொம்பைலரை ஓட்டுவது சின்ன மொழிக்குப் போதும்.

அ + 1 போன்ற ஒவ்வொரு கோவைக்கும் ஒரு வினவல் வைக்க ஆசை வரும். வேண்டாம். இரண்டு எண்ணைக் கூட்டும் கோவையின் வகையைக் கணிப்பதைவிட, பதுக்கில் தேடி, பட்டியல் எழுதி, பதிப்பு ஒப்பிடுவது அதிக வேலை. சார்புக்கு ஒன்று என்ற அளவு பொருந்தும். ஒவ்வொரு வினவலுக்கும் எத்தனை முறை கேட்டார்கள், எத்தனை முறை உண்மையில் கணித்தோம் என்று இரண்டு எண்ணி வைத்தால், எது அளவு தப்பியது என்று தெரிந்துவிடும்.

மரங்கள்தான் நினைவகத்தை அதிகம் தின்பவை. பழையதை விட்டுவிட்டு, அண்மையில் தொட்டவற்றை மட்டும் வையுங்கள்; ரஸ்ட்டின் எடிட்டர் கருவியான ரஸ்ட் அனலைசர் வழக்கமாக 128 மரங்களையே வைத்திருக்கும். மரத்தை எறிந்தாலும் அதன் பட்டியலையும் பதிப்பு எண்களையும் எறியாதீர்கள். கையொப்பம் செல்லுமா என்று பார்க்க அவை போதும். மரத்தையே மறுபடி கட்ட வேண்டியதில்லை.

டிஸ்க், பல திரெட், எடிட்டர்

இவற்றைக் கடைசிக்கு விடுங்கள். டிஸ்கில் சேமிக்கும்போது விடைக்குப் பதில் அதன் விரலடையாளத்தை (விடையிலிருந்து கணித்த சின்ன அடையாள எண்) வைத்தால் பெரும்பாலானவற்றுக்குப் போதும். ரஸ்ட் இதற்கு 128 பிட் பயன்படுத்துகிறது. விரலடையாளத்தில் நினைவக முகவரி எதுவும் கலக்கக் கூடாது. கோப்பின் தலையில் கொம்பைலரின் பதிப்பை எழுதி, பொருந்தாவிட்டால் முழுவதையும் எறிந்துவிடுங்கள்.

பல திரெட் போட்டால் இரு திரெட் ஒன்றுக்கொன்று காத்து நிற்கும் வட்டம் வரும். ஒரு திரெட்டின் அடுக்கை மட்டும் பார்த்தால் அது தெரியாது; யார் யாருக்காகக் காத்திருக்கிறார் என்ற வரைபும் வேண்டும். ஒரு திரெட்டில் எல்லாம் சரியான பின் தொடுங்கள்.

எடிட்டருக்குள் கொம்பைலர் நிறுத்தாமல் ஓடும்போது, ஒரு கேள்வி பாதியில் இருக்கையில் பயனர் அடுத்த எழுத்தைத் தட்டுவார். பதிப்பு எண் கூடியவுடன் ஓடும் வினவல்கள் தாங்களாகவே நின்றுவிட வேண்டும். கேள் சார்பின் முதல் வரியில் “பதிப்பு மாறிவிட்டதா?” என்று பார்த்து, மாறியிருந்தால் வெளியேறச் செய்யுங்கள். பாதியில் நின்றதன் விடையைப் பதுக்கில் எழுதாதீர்கள்; அடுக்கிலிருந்து அதை எடுக்க மட்டும் மறக்காதீர்கள். மறந்தால் அடுத்த முறை அதே கேள்வி வந்ததும், இல்லாத வட்டம் ஒன்றைப் பிழையாகக் காட்டும்.